மறுதலித்தவர்களுக்கு மறுபடியும் இடம் உண்டா?

கி.பி. 250ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26ஆம் தேதி. எகிப்தில் 'அலெக்சாண்டர் தீவு' என்ற கிராமத்தைச் சேர்ந்த ஔரேலியஸ் டயோஜெனிஸ் என்பவர் ஒரு மனு கொடுத்தார். வயது 72, வலது புருவத்தில் தழும்பு என்று அவருடைய அடையாளம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அவர் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவர். இப்போதும் அரசாணைப்படி அதிகாரிகளின் கண்ணெதிரே பலியிட்டு, மது வார்த்து, பலிப்பொருளைச் சுவைத்தும் பார்த்துவிட்டார். ஆகவே அதற்குச் சான்று வேண்டும். இதுதான் மனு. பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்ட இந்த மனு 1893ஆம் ஆண்டு முதன்முதலாக அச்சில் வெளிவந்தது. அதன் பிறகு எகிப்தின் மணலிலிருந்து இதே மாதிரி நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் கிடைத்திருக்கின்றன. பெயரும் வயதும்தான் மாறுகின்றன, வாசகம் ஏறக்குறைய ஒன்றேதான். அச்சடித்த விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்த மாதிரி!

இதற்குக் காரணம் ரோமப் பேரரசர் டெசியஸ். 249இல் பதவிக்கு வந்தவர். எல்லையில் கோத்தியர்களின் தாக்குதல், உள்ளே அடிக்கடி ஆட்சி மாற்றம். தெய்வங்கள் கோபம் கொண்டிருக்கின்றன, நாடே ஒன்றாக அவற்றை வணங்கினால்தான் பேரரசு பிழைக்கும் என்பது அவர் கணக்கு. எல்லோரும் பலியிட வேண்டும், பலியிட்டதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று போட்ட ஆணை அல்ல இது. கிடைத்த மனுக்களில் ஒன்று முதலைத் தெய்வத்தின் பூசாரிப் பெண்ணுடையது. கோவிலிலேயே வேலை பார்த்த அந்த அம்மாவும் தான் தெய்வத்தை வணங்குபவள் என்று சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது.

மற்றவர்களுக்கு இது ஒரு நாள் அலைச்சல். கிறிஸ்தவர்களுக்கோ உயிர்ப் பிரச்சினை. பலியிட்டால் விசுவாசம் போயிற்று, பலியிடாவிட்டால் சிறை, சித்திரவதை, சொத்துப் பறிமுதல், நாடு கடத்தல், சில வேளை மரணம். ரோமின் ஆயர் (பிஷப்) ஃபேபியன் 250 ஜனவரி 20 அன்றே இறந்துபோனார்.

இத்தகைய காலங்களைப் பற்றிப் பேசும்போது வேதசாட்சிகளைப் பற்றித்தான் நிறையப் பேசுவார்கள். ஆனால் 250ஆம் ஆண்டில் உண்மையில் நடந்தது பெரும் தோல்வி. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் (இன்றைய துனிசியா) கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பலியிட்டார்கள். அந்நகரத்தின் ஆயர் சிப்ரியன் அதைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் மனசு கஷ்டப்படும். யாரும் பிடிக்க வருவதற்கு முன்பே தாங்களாகவே ஓடினார்களாம். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, இன்றைக்கே முடித்துக் கொடுங்கள் என்று கெஞ்சினார்களாம். கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு.

விழுந்தவர்களில் பல வகை. உண்மையிலேயே பலியிட்டவர்கள் ஒரு வகை. தூபத்தை மட்டும் நெருப்பில் போட்டவர்கள் இன்னொரு வகை. பணம் கொடுத்துப் பலியிடாமலேயே சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டவர்கள் மூன்றாவது வகை. 'நாங்கள் பலியிடவில்லையே, வெறும் காகிதம்தானே' என்று இவர்கள் தங்களைச் சமாதானப்படுத்திக் கொண்டார்கள். மொத்தமாக இவர்கள் எல்லோருக்கும் லத்தீன் மொழியில் 'லாப்சி' என்று பெயர். விழுந்தவர்கள் என்று பொருள்.

ஆணை வந்து ஓராண்டுக்குள் கெடுபிடி தணிந்தது. 251இல் டெசியஸ் கோத்தியர்களுடன் நடந்த போரில் கொல்லப்பட்டார். ஆனால் அதற்கு முன்பே விழுந்தவர்கள் சபையின் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே விடுவதா வேண்டாமா? இந்த ஒரு கேள்விதான் அடுத்த பல ஆண்டுகளுக்குத் திருச்சபையைக் கலக்கியது.

இன்றைய வாசகருக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாமல் இருக்கலாம். மன்னிப்பதுதானே கிறிஸ்தவம் என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் அது அவ்வளவு எளிதாக இல்லை. திருமுழுக்குப் பெற்ற பிறகு பெரிய பாவம் செய்தவனுக்கு ஒரே ஒரு மனந்திரும்புதல் உண்டு என்று இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட 'ஹெர்மாஸின் மேய்ப்பன்' என்ற நூல் சொன்னது. அதுவே பலருக்குத் தாராளமாகப் பட்டது! சிலை வணக்கம், விபசாரம், கொலை ஆகியவற்றைத் திருச்சபையால் மன்னிக்க முடியாது என்று கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியன் பின்னாளில் வாதிட்டார். சிப்ரியன் தன் ஆசானாக மதித்துத் தினமும் படித்தது இந்தத் தெர்த்துல்லியனைத்தான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. சிப்ரியன் யாரையும் கண்டிக்கும் நிலையில் இல்லை. ஏனென்றால் அவர் ஓடிப்போயிருந்தார்.

சிப்ரியன் பேச்சுக்கலை கற்பித்தவர், வசதியானவர். நடுவயதில் கிறிஸ்தவராகி, இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே ஆயராகவும் ஆகிவிட்டார். மூத்த குருக்கள் சிலருக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. 250இன் தொடக்கத்தில் கார்த்தேஜ் மக்கள் கூட்டம் அவரைச் சிங்கத்துக்குப் போடு என்று கத்தியபோது, அவர் தலைமறைவாகி, மறைவிடத்திலிருந்து கடிதங்கள் மூலமாக சபையை நடத்தினார். ரோமின் குருக்கள் கார்த்தேஜின் குருக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஓநாய் வரும்போது ஆடுகளை விட்டுவிட்டு ஓடுகிற கூலிக்காரனைப் பற்றிய நற்செய்தி வாக்கியம் அதில் நாசூக்காகச் செருகப்பட்டிருந்தது. சிப்ரியன் அந்தக் கடிதத்தை அவர்களுக்கே திருப்பி அனுப்பினார். கையெழுத்தும் விஷயமும் தாளும்கூட சந்தேகமாக இருக்கின்றன, இது உண்மையிலேயே நீங்கள் எழுதியதுதானா, பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு குறிப்பும் வைத்தார். பேச்சுக்கலை ஆசிரியர் அல்லவா!

தான் இருந்தால் கலவரம் பெரிதாகி மற்றவர்களுக்கும் ஆபத்து வரும், ஒரு ஊரில் துன்புறுத்தினால் மறு ஊருக்கு ஓடச் சொன்னவர் இயேசுதான் என்பது அவர் சொன்ன நியாயம். நியாயம்தான். ஆனால் அதே நாட்களில் கார்த்தேஜின் சிறையறைகளில் ஆட்கள் பட்டினியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டு ஊர் பேசாமல் இருக்குமா?

விழுந்தவர்கள் ஆயரிடம் போகவில்லை, சிறைக்குத்தான் போனார்கள். அடியும் உதையும் பட்டு, விசுவாசத்தை விடாமல் இருந்த சாட்சிகளிடம் போய் 'எங்களுக்காக ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டார்கள். சாட்சிகளும் எழுதிக் கொடுத்தார்கள். பவுல் என்ற சாட்சி இறப்பதற்கு முன், யார் சமாதானம் கேட்டாலும் தன் பெயரில் கொடுத்துவிடு என்று லூசியன் என்பவரிடம் சொல்லிவிட்டுப் போனார். லூசியன் கணக்கில்லாமல் கொடுத்தார். 'இன்னாரை அவரைச் சேர்ந்தவர்களோடு ஏற்றுக்கொள்க' என்று பொத்தாம்பொதுவாகச் சீட்டு எழுதினால் அதில் இருபது பேர் வருவார்களா முப்பது பேர் வருவார்களா என்று சிப்ரியன் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் எல்லாச் சாட்சிகளும் சேர்ந்து எல்லோருக்கும் மன்னிப்பு வழங்கியதாகவே ஒரு கடிதம் அவருக்கு வந்து சேர்ந்தது. முதலில் அரசாங்கத்திடம் ஒரு சான்றிதழ், இப்போது சிறையிலிருந்து இன்னொரு சான்றிதழ். கஷ்டப்படாமல் விழுந்தவன் கஷ்டப்படாமல் எழுந்துவிடலாம் என்றால் விழுந்ததற்கு என்ன அர்த்தம் என்பதே சிப்ரியனின் கவலை.

இந்தக் கடிதப் போக்குவரத்தில் ஒன்று விசேஷமானது. ரோமில் செலரினஸ் என்ற இளைஞர் இருந்தார். பேரரசர் முன்னிலையிலேயே விசாரிக்கப்பட்டு, 19 நாட்கள் விலங்கில் கிடந்தும் அசையாதவர். அவர் குடும்பத்தில் பாட்டியும் இரண்டு உறவினர்களும் முன்பே வேதசாட்சிகளாக இறந்தவர்கள். அப்படிப்பட்டவருடைய சகோதரி விழுந்துவிட்டாள். செலரினஸ் கார்த்தேஜ் சிறையிலிருந்த லூசியனுக்கு எழுதுகிறார்: எல்லோரும் மகிழ்ந்திருக்கும் பாஸ்கா நாளில் அவர் இரவும் பகலும் அழுதுகொண்டிருந்தார். நுமேரியா, கந்திதா என்ற இரண்டு பெண்களுக்காகவும் மன்னிப்புக் கேட்கிறார். ஒருத்தி பலியிடாமல் இருப்பதற்காகப் பணம் கொடுத்தவள். ரோமின் பொது மன்றத்தில் 'மூன்று விதிதேவதைகள்' என்ற இடம் வரைக்கும் ஏறிப்போய், அங்கிருந்து இறங்கி வந்துவிட்டாள் என்று எழுதுகிறார். எத்தனை படி ஏறினாள் என்று கணக்குப் பார்த்துப் பாவத்தைக் குறைக்கப் பார்க்கிற அந்தப் பாசம் 1,700 வருஷங்களுக்குப் பிறகும் தெரிகிறது.

ஆனால் அவருடைய உண்மையான வாதம் அதற்குப் பிறகுதான் வருகிறது. கார்த்தேஜிலிருந்து நாடு கடத்தப்பட்ட சாட்சிகள் 65 பேர் வந்து இறங்கியபோது, இந்தப் பெண்கள் துறைமுகத்துக்கே போய் அவர்களை நகரத்துக்கு அழைத்து வந்து, அன்றுவரை எல்லாப் பணிவிடையும் செய்துகொண்டிருந்தார்கள். யாரும் அவர்களுக்கு மன்னிப்புச் சீட்டு கொடுத்திருக்கவில்லை. அந்தப் பணியை யாரும் அவர்களிடம் ஒப்படைக்கவும் இல்லை. சபையின் வாசலுக்கு வெளியே நின்றபடியே சபையின் வேலையைச் செய்தார்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்தும் இப்படிப்பட்ட செய்திகள் வந்தன. விழுந்த சிலர் மறுபடி விசாரணைக்கு வந்தபோது இந்த முறை உறுதியாக நின்று, சொத்தை இழந்து நாடு கடத்தப்பட்டார்கள் என்று கல்தோனியஸ் என்ற ஆயர் எழுதிக் கேட்டார். இவர்களை என்ன செய்வது? அவர்களுடன் போனா என்ற பெண்ணும் இருந்தாள். அவளைக் கணவனே பலிபீடத்துக்கு இழுத்துப் போய், கையைப் பிடித்துப் பலியிட வைத்தார்கள். இதை நான் செய்யவில்லை, செய்தது நீங்கள்தான் என்று அவள் அங்கேயே கத்தினாள். அவளும் நாடு கடத்தப்பட்டாள். சிப்ரியனுக்கு இதில் தயக்கமே இருக்கவில்லை, இப்படிப்பட்டவர்கள் தங்கள் குற்றத்தைத் தாங்களே கழுவிவிட்டார்கள் என்று பதில் எழுதினார்.

251 பாஸ்காவுக்குப் பிறகு சிப்ரியன் திரும்பி வந்தார். ஆப்பிரிக்க ஆயர்கள் மாநாடு கூடியது. சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம்; உண்மையில் பலியிட்டவர்கள் வாழ்நாள் முழுவதும் தவம் செய்ய வேண்டும், மரணப் படுக்கையில் அவர்களுக்குச் சமாதானம் உண்டு என்று தீர்மானித்தார்கள்.

ரோமில் நோவேஷியன் இதையும் ஏற்கவில்லை. திருத்துவத்தைப் பற்றி நூல் எழுதிய பெரிய படிப்பாளி. கொர்னேலியஸ் ரோமின் ஆயரானபோது அவருக்குப் போட்டியாகத் தானும் ஆயராக அபிஷேகம் பெற்றுக்கொண்டார். மறுதலித்தவன் அழட்டும், தவம் செய்யட்டும். கடவுள் மன்னித்தால் மன்னிக்கட்டும். ஆனால் திருச்சபை அவனைச் சேர்க்காது என்பது அவர் கட்சி. (கார்த்தேஜில் விழுந்தவர்களை உடனே சேர்க்க வேண்டும் என்று கலகம் செய்த குருக்களின் அணியைச் சேர்ந்த நோவேட்டஸ், ரோமுக்குப் போய் இந்தக் கடுமைக்காரரின் கட்சியில் சேர்ந்தார். அந்தக் காலத்திலும் கட்சி மாறுவதற்குக் கொள்கை ஒரு தடையாக இல்லை.)

நோவேஷியனைக் கொடுமைக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மகனையோ சகோதரனையோ சிறையில் இழந்த ஒரு தாயின் பக்கத்தில், ஓடிப்போய்ப் பலியிட்டவன் வந்து உட்கார்ந்து நற்கருணை வாங்கினால் அவளுக்கு எப்படி இருக்கும்? நோவேஷியனின் சபை நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்ததற்கு இந்த வலியும் ஒரு காரணம். அதற்குச் சிப்ரியன் கொடுத்த பதில் இறையியலைவிட விவசாயத்தைச் சார்ந்தது. நிலத்தை நன்றாக உழு, ஆனால் ஒரு மணிகூட அறுக்க மாட்டாய் என்று சொன்னால் எந்தக் குடியானவன் உழுவான் என்று கேட்டார்.

அலெக்சாந்திரியாவின் ஆயர் டயோனிசியஸ் வாதமே செய்யாமல் ஒரு சம்பவத்தை எழுதி அனுப்பினார். செராபியன் என்ற முதியவர், நெடுநாள் பழுதில்லாமல் வாழ்ந்து சோதனையில் விழுந்தவர். எத்தனையோ முறை கெஞ்சியும் யாரும் செவி கொடுக்கவில்லை. நோயில் விழுந்து மூன்று நாள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். நான்காம் நாள் கண் விழித்ததும் பேரனைக் கூப்பிட்டு, ஒரு குருவை அழைத்து வரச் சொன்னார். இரவு நேரம். குருவும் நோயாளி, எழுந்து வர முடியவில்லை. சாகிறவர்கள் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று ஆயர் முன்பே சொல்லியிருந்ததால், நற்கருணையில் ஒரு சிறு துண்டைப் பையன் கையிலேயே கொடுத்து, நனைத்துத் தாத்தாவின் வாயில் விடச் சொன்னார். பையன் அப்படியே செய்தான். அதை விழுங்கியதும் கிழவர் உயிர் பிரிந்தது. இவ்வளவு நேரம் அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது இதற்காகத்தான் என்பது டயோனிசியஸின் எண்ணம்.

ஓரிரண்டு ஆண்டுகளில் ஆப்பிரிக்க ஆயர்களும் இறங்கி வந்தார்கள். அடுத்த துன்புறுத்தல் வரும்போலத் தோன்றியது. தவத்தில் இருக்கும் எல்லோரையும் உடனே சேர்த்துக்கொள்வது என்று 42 ஆயர்கள் முடிவு செய்தார்கள். கிறிஸ்துவுக்காக உன் இரத்தத்தைச் சிந்து என்று ஒருவனிடம் சொல்லிவிட்டு, கிறிஸ்துவின் இரத்தத்தை அவனுக்குத் தர மறுப்பது எப்படி என்பது அவர்கள் சொன்ன காரணம். இது மன்னிப்பு மட்டும் அல்ல. விழுந்தவனைத் திரும்பக் கூப்பிட்டு, முன்பு எங்கே தோற்றானோ அதே களத்தில் நிறுத்துவது. சித்திரவதையில் ஒருமுறை தோற்று, மறுமுறை நெருப்பிலேயே நின்று வென்ற காஸ்டஸ், எமிலியஸ் என்ற இருவரைச் சிப்ரியன் முன்பே உதாரணமாகக் காட்டியிருந்தார்.

இங்கே பேதுருவின் நினைவு வராமல் போகாது. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்புக்குப் பக்கத்தில் குளிர்காய்ந்தபடி மூன்று முறை இயேசுவைத் தெரியாது என்று சொன்னவர் பேதுரு. யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் மூட்டிய இன்னொரு கரிநெருப்பின் அருகில் மூன்று முறை அவரிடம் அன்பைப் பற்றிக் கேட்கிறார். கரிநெருப்பு என்ற அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் வருகிறது. அங்கே மன்னித்தேன் என்ற வார்த்தையே இல்லை. ஆடுகளை மேய்க்கும் வேலைதான் கொடுக்கப்படுகிறது.

ஆனால் பேதுருவுக்குக் கிடைத்ததை மூன்றாம் நூற்றாண்டின் திருச்சபை தன் ஆயர்களுக்குக் கொடுக்கவில்லை. டிரோஃபிமஸ் என்ற ஆயர் விழுந்து, பிறகு தன் மந்தையோடு திரும்பி வந்தார். கொர்னேலியஸ் அவரைச் சாதாரண விசுவாசியாக மட்டுமே சேர்த்துக்கொண்டார். ஸ்பெயினில் பசிலிடஸ், மார்ஷியாலிஸ் என்ற இரண்டு ஆயர்கள் சான்றிதழ் வாங்கியவர்கள். பசிலிடஸ் பதவியைத் தானே விட்டு, சாதாரண ஆளாக இருக்க விட்டாலே போதும் என்று சொன்னவர். பிறகு மனம் மாறி, ரோமுக்குப் போய் ஆயர் ஸ்டீபனிடம் பேசிப் பதவியைத் திரும்பப் பெற முயன்றார். ஸ்பெயின் சபையார் கார்த்தேஜுக்கு எழுதினார்கள். மன்னிப்பு உண்டு, பீடம் கிடையாது என்று சிப்ரியனும் மற்ற ஆயர்களும் பதில் அனுப்பினார்கள். 325இல் நிசேயா பொதுச்சங்கமும் இதே வழியில்தான் போனது. விழுந்தவர் என்று தெரியாமல் அபிஷேகம் செய்யப்பட்டிருந்தால்கூடப் பதவி நீக்கம். கட்டாயமே இல்லாமல் மறுதலித்த விசுவாசிகளுக்கு மொத்தம் 12 ஆண்டுகள் தவம். (அந்தச் சங்கத்தின்போது, நோவேஷியன் கட்சியின் ஆயர் ஒருவரிடம், ஏணி போட்டு நீர் மட்டும் தனியாகப் பரலோகம் ஏறிக்கொள்ளும் என்று பேரரசர் கான்ஸ்டன்டைன் சொன்னதாக ஒரு கதை உண்டு.)

இந்தக் கடுமைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பசிலிடஸைப் போன்றவர்கள் மன்னிப்பைப் பதவிக்கான படியாக்கினார்கள். ஆனாலும் தன் ஆயர்களைப் பேதுருவின் வரிசையில் வருபவர்கள் என்று சொல்லிக்கொண்ட திருச்சபை, பேதுருவே வந்து கேட்டிருந்தாலும் பீடம் இல்லை என்றுதான் சொல்லியிருக்கும் என்பது நெருடலான விஷயம்.

சிப்ரியன் பலியிடவில்லை, சான்றிதழும் வாங்கவில்லை. அதனால் பதவி போகவில்லை. ஆனால் ஓடியவர் என்ற பேச்சு அவரை விடவில்லை. அவர் இறந்த பிறகு வாழ்க்கை வரலாறு எழுதிய பொந்தியுஸ்கூட அதற்குச் சமாதானம் சொல்லியாக வேண்டியிருந்தது. திரும்பி வந்த சிப்ரியன் அதைப் பற்றி அதிகம் பேசாமல் வேலையில் இறங்கினார். கொள்ளைநோய் வந்தபோது எல்லா மதத்தவருக்கும் உதவி செய்யச் சபையாரை அனுப்பினார். நுமிடியாவில் கொள்ளையர் பிடித்துப் போனவர்களை மீட்க ஒரு லட்சம் செஸ்டெர்ஸ் திரட்டிக் கொடுத்தார்.

257இல் பேரரசர் வலேரியனின் ஆணை வந்தது. இந்த முறை குறியே ஆயர்களும் குருக்களும்தான். சிப்ரியன் ஆளுநர் முன் போய் நின்றார். குரூபிஸ் என்ற கடற்கரை ஊருக்கு நாடு கடத்தப்பட்டார். மறு ஆண்டு கார்த்தேஜில் தன் தோட்டத்துக்குத் திரும்பினார். அப்போது ஊட்டிகா நகரத்தில் இருந்த புதிய ஆளுநர் அவரை அங்கே கொண்டுவர ஆள் அனுப்பினார். சிப்ரியன் மறுபடியும் ஒளிந்துகொண்டார்! ஆனால் இந்த முறை காரணம் வேறு. ஆயர் என்பவன் தன் சொந்த நகரத்தில், தன் மக்கள் நடுவில்தான் சாட்சி சொல்லி இறக்க வேண்டும், வேறு ஊரில் அல்ல என்று தன் சபைக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். ஆளுநர் கார்த்தேஜுக்கு வந்ததும் தோட்டத்துக்குத் திரும்பி வந்து காத்திருந்தார்.

258 செப்டம்பர் 14. விசாரணை சில நிமிடங்களில் முடிந்தது. பலியிட மறுத்தார். யோசித்துப் பார் என்று ஆளுநர் சொன்னதற்கு, இவ்வளவு தெளிவான விஷயத்தில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். தீர்ப்பைக் கேட்டதும் கடவுளுக்கு நன்றி என்று மட்டும் சொன்னார். வெட்டுகிறவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கச் சொல்லிவிட்டு, தன் கண்களைத் தானே கட்டிக்கொண்டார். சபையார் அவருக்கு முன்னால் துணிகளை விரித்திருந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் அவரைச் சிங்கத்துக்குப் போடச் சொல்லிக் கத்திய அதே ஊர். இரவானதும் மெழுகுவர்த்தியும் தீவட்டியும் ஏந்தி உடலை எடுத்துப் போய் அடக்கம் செய்தார்கள். சில நாட்களில் ஆளுநர் கலேரியஸ் மாக்ஸிமஸும் இறந்துபோனார்.